நவம்பரில் போங்கோ அக்கா

எங்கள் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு மலருக்கு ஒரு பக்கக் கட்டுரை கேட்டார்கள். கேட்டவர் மலர்க்குழுவில் இருக்கும் ஆசிரியை. என் மகளோடு படித்த பிள்ளை. "அங்கிள், ஐரோப்பாவுக்குள்ளை மலிவு ஃபிளைட் எப்ப புக் பண்ணோணும் எண்டு எழுதித் தாங்கோ. போனிலை தேடினால் ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லுறாங்கள். நீங்கள் இருபத்திரண்டு வருசம் உந்த வேலைதானே செய்தனீங்கள்" என்றார். ஓம் என்றுவிட்டேன். ஒரு பக்கத்தில் முடிந்திருக்க வேண்டிய விசயம். எழுதத் தொடங்கிய பிறகுதான் அது முடியாது என்று தெரிந்தது. மலர்க்குழு விரும்பினால் முதல் பகுதியை மட்டும் போட்டுக்கொள்ளட்டும், எனக்குக் கோபமில்லை.

பயனுள்ளதை முதலில் சொல்லிவிடுகிறேன். மலிவு விமானத்துக்கு ஒரே விலை என்று ஒன்று கிடையாது. இருக்கைகளைப் பல அடுக்காகப் பிரித்து வைத்திருப்பார்கள். கீழ் அடுக்கு விற்றுத் தீர்ந்ததும் அடுத்த அடுக்கு திறக்கும், விலை ஏறும். சாதாரண நாளென்றால் ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு முன்னர் எடுத்தால் போதும். ஆறு மாதத்துக்கு முன்னர் ஓடிப்போய் எடுப்பவருக்குப் பெரிய லாபம் எதுவும் இல்லை. நத்தார், உயிர்த்த ஞாயிறு, கோடை விடுமுறை என்றால் கதை வேறு. நேர அட்டவணை வெளிவந்த உடனே எடுத்துவிட வேண்டும். அந்த நாட்களின் விலை பொறுத்தாலும் இறங்காது. செவ்வாய்க்கிழமை கணினிக்கு முன்னால் இருந்தால் மலிவு என்பதெல்லாம் புளுகு. எந்த நாளில் பதிவு செய்கிறோம் என்பதை விட எந்த நாளில் பறக்கிறோம் என்பதுதான் முக்கியம். செவ்வாய், புதன் மத்தியான விமானங்களில் இடம் கிடக்கும். வெள்ளி பின்னேரமும் ஞாயிறு பின்னேரமும் உங்கள் தோலை உரிப்பார்கள்.

பையை டிக்கெட்டோடு சேர்த்தே எடுங்கள். விமான நிலையத்தில் போய் எடுத்தால் டிக்கெட்டை விடப் பைக்குக் கூடக் கொடுக்க வேண்டி வரும். எங்கள் சனம் வெறுங்கையோடு ஒருவர் வீட்டுக்கும் போகாது. லண்டனில் இல்லாத பலகாரமா என்று கேட்டால் கோபம் வரும். ஆகவே லண்டன் டிக்கெட் என்றால் கேட்காமலே இருபது கிலோ பை ஒன்றைச் சேர்த்துவிடுவேன். ஒருவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

கடைசியாக ஒன்று. இரண்டு பக்க விடுமுறையையும் பாருங்கள். இங்கே பள்ளிக்கூட விடுமுறை முடிந்தால் விலை விழுந்துவிடும் என்று நினைப்பார்கள். ஒக்டோபரில் எங்கள் மாநிலத்து இலையுதிர்கால விடுமுறை முடிய, இங்கிலாந்தில் அரைத்தவணை விடுமுறை வரும். அதனால் லண்டன் விமானம் மாதம் முழுக்க விலைதான். நவம்பர் முதல் கிழமை விழும், அதுவும் பொத்தென்று விழும். மற்றக் கடைக்காரர்கள் இதைக் கவனிப்பதில்லை. எங்கள் மாநிலம், பக்கத்து மாநிலம், ஒல்லாந்து, இங்கிலாந்து என்று நாலு விடுமுறை அட்டவணைகளை ஒட்டுத்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். அதற்காகவே கெல்சென்கிர்ச்சன், டுசல்டோர்ஃப் என்று தூரத்திலிருந்தும் ஆட்கள் என்னைத் தேடி வந்தார்கள். எனக்கு அதில் பெரிய பெருமை. அந்தப் பெருமையைப் பற்றித்தான் மீதியை எழுத வேண்டும்.

நான் இந்த நாட்டுக்கு வந்தது எண்பதுகளின் கடைசியில். அகதி விண்ணப்பம், விடுதி வாழ்க்கை, வேலை செய்ய அனுமதி இல்லாத வருடங்கள், பிறகு உணவகத்தில் கோப்பை கழுவியது, அதற்குப் பிறகு திருகாணி செய்யும் தொழிற்சாலை. தொழிற்சாலையை மூடியபோது வேலைவாய்ப்பு அலுவலகம் என்னை ஆறு மாதக் கணினி வகுப்புக்கு அனுப்பியது. வகுப்பு முடிந்த கையோடு டோர்ட்மண்டில் செல்வராசா அண்ணையின் பயணச்சீட்டுக் கடையில் சேர்ந்தேன். கதிர்காமத்துக்கு நடந்து போன கதைபோல இதைப் பலர் பல மேடையில் சொல்லிவிட்டார்கள். என்னுடையதில் புதிதாக எதுவும் இல்லை.

கடை மிகச் சின்னது. இரண்டு மேசை. வாடிக்கையாளருக்கு மூன்று நாற்காலி, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு. ஒரு நாற்காலியில் இருப்பவர் இருமினால் மற்ற இரண்டு பேரும் முகத்தைத் திருப்ப வேண்டும். செல்வராசா அண்ணை ஊரில் வங்கியில் இருந்தவர். ஆடி மாத வெயிலிலும் கழுத்துப்பட்டி கட்டுவார். அவரிடம் டிக்கெட் போடுவது ஒரு பூசை மாதிரி. கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். போனில் பெயரைச் சொன்னால் எழுத மாட்டார். பென்சிலால் ஒரு துண்டில் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக் காட்டி, வந்தவரின் கையெழுத்தை வாங்குவார். திகதியையும் நேரத்தையும் வாய்விட்டுச் சொல்லச் செய்வார். பிறகு திரையில் அடிமட்டத்தை வைத்து வரிவரியாகப் பார்ப்பார். கடைசிப் பொத்தானுக்கு வந்ததும் கையை மடிக்குள் எடுத்துவிடுவார். ஒருதரம் மூச்சு விட்டுவிட்டுத்தான் அழுத்துவார். "மலிவு டிக்கெட் தம்பி, காறித் துப்பின மாதிரி. திருப்பி எடுக்கேலாது" என்பார்.

அச்செடுத்த தாளை அவர் மூன்றாக மடிப்பார். பெயரும் ஊரும் உள்பக்கம் வர வேண்டும். நான் முதல் கிழமை அதை விரித்தபடியே ஒருவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் போன பிறகு செல்வராசா அண்ணை என்னிடம் ஒரு வெற்றுத் தாளைத் தந்து, "மடி" என்றார். மடித்தேன். "திருப்பி மடி" என்றார். பத்துத் தரமாவது மடித்திருப்பேன். பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணில் பட்ட ஒரு வரி பின்னேரத்துக்குள் மூன்று நகரங்களுக்குப் போய்விடும் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் இங்கே பெரிய நாட்டில் இருக்கும் சின்னக் கிராமம்.

அவருடைய பெரிய சட்டத்தை நான் மீறியது மூன்றாம் மாதம். பாரிசுக்கு டிக்கெட் எடுக்க வந்த ஒரு மனுசனிடம் பேச்சுக்காக, "என்ன அண்ணை, பாரிசிலை விசேசமோ?" என்று கேட்டேன். அவர் தடுமாறி, மச்சான் வீட்டு அலுவல் என்றார். உண்மையில் அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போயிருக்கிறார். நான் கேட்டதும் அவர் தடுமாறியதும் அடுத்த நாற்காலியில் இருந்தவருக்குப் போதுமாக இருந்தது. அந்தச் சம்பந்தம் குழம்பியதற்கு அதுதான் காரணமா, தெரியாது. அந்த மனுசன் பிறகு எங்கள் கடைக்கு வரவில்லை.

செல்வராசா அண்ணை என்னை ஏசவில்லை. என் மேசையிலிருந்த தொலைபேசியைக் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். ஒரு கிழமை அது அங்கேயே இருந்தது. எட்டாம் நாள் திரும்பக் கொண்டுவந்து பொருத்தும்போது சொன்னார்: "டிக்கெட் போடுறவன் டொக்டரும் இல்லை, சுவாமியாரும் இல்லை. எங்கை எண்டு கேள். எப்ப எண்டு கேள். ஏன் எண்டு மட்டும் கேளாதை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடேலாது."

அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் நான் ஒருவரிடமும் ஏன் என்று கேட்கவில்லை. அது நல்ல சட்டம் என்றே நம்பினேன். இன்றைக்கும் அதைக் கெட்ட சட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

றெஜினா அக்கா கெல்சென்கிர்ச்சனில் இருப்பவர். ஊரில் எங்களுக்கு அடுத்த கோயில் பங்கு. இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. கணவருக்கு முதுகு வருத்தம், வேலையில்லை. மகன் அவுஸ்பில்டுங்கில் தொழில் பழகிக்கொண்டிருந்தான், மகள் பள்ளிக்கூடம். லண்டனில் அவருக்கு ஒரு தமக்கை. வருடத்துக்கு ஒருதரம் தமக்கையிடம் போவார், டிக்கெட் என்னிடம்தான் எடுப்பார். அதிகம் கதைக்காத மனுசி. காசை ஒரு கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு வருவார்.

அது அந்தப் பதின்மூன்றாம் வருடத்து ஒக்டோபர் தொடக்கம், விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமை. கடையில் மூன்று நாற்காலியும் நிரம்பியிருந்தது. நடு நாற்காலியில் இராசநாயகம் என்று ஒருவர், டோர்ட்மண்டில் எல்லோருக்கும் தெரிந்த மனிதர், கலகலப்பானவர். அவருக்குப் பக்கத்தில் றெஜினா அக்கா வந்து இருந்தார்.

"தம்பி, லண்டனுக்கு ஒரு டிக்கெட். அடுத்த கிழமை எண்டால் நல்லம்" என்றார்.

தட்டிப் பார்த்தேன். போய்வர இருநூற்றி அறுபதுக்கு மேல். எனக்குச் சிரிப்பு வந்தது. திரையை அவர் பக்கம் திருப்பினேன். அப்படித் திருப்பினால் மூன்று நாற்காலிக்கும் தெரியும். தெரியட்டும் என்றுதான் திருப்பினேன். என் கெட்டித்தனத்துக்கு ஆட்கள் வேண்டுமே.

"பாருங்கோ அக்கா. இது அடுத்த கிழமை. இப்ப இதைப் பாருங்கோ, நவம்பர் முதல் கிழமை, புதன் போய் ஞாயிறு வாறது. முப்பத்தெட்டு ஈரோ. ரெண்டு பக்கப் பள்ளிக்கூட லீவும் முடிஞ்சிடும். நவம்பரிலை போங்கோ அக்கா."

அவர் திரையைப் பார்த்தபடி இருந்தார். "நவம்பரோ?" என்றார். "அவ்வளவு நாள் இருக்கே தம்பி."

"நாலு கிழமைதானே அக்கா. கண்ணை மூடி முழிக்க வந்திடும். பொறுத்தார் பூமி ஆள்வார்."

"கூடினாலும் பரவாயில்லை எண்டு பாத்தன்…" என்று மெல்ல இழுத்தார்.

அப்போது இராசநாயகம் சிரித்துக்கொண்டு, "என்ன அக்கா, தமக்கையைச் சும்மா பாத்திட்டு வாறதுக்கு ஆராவது உந்தக் காசு குடுப்பினமோ? தலை போற அவசரமோ?" என்றார்.

றெஜினா அக்காவும் சிரித்தார். "சீச்சீ, ஒரு அவசரமும் இல்லை. சும்மா பாக்கத்தான்" என்றார். கைலேஞ்சியை அவிழ்த்து, காசை எடுத்து மேசையில் வைத்தார். நான் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தேன், கையெழுத்து வாங்கினேன், பையைச் சேர்த்தேன், மூச்சு விட்டு அழுத்தினேன், தாளை மூன்றாக மடித்துக் கொடுத்தேன். ஒரு பிழையும் விடவில்லை. அவர் போன பிறகு இராசநாயகம், "நீ சனத்துக்குச் செய்யிறது பெரிய புண்ணியம்" என்றார். அன்று முழுக்க எனக்கு நல்ல மனநிலை.

பத்து நாள் கழித்து றெஜினா அக்கா தொலைபேசி எடுத்தார். "தம்பி, அந்த டிக்கெட்டை முன்னுக்கு மாத்தலாமோ?"

"மாத்தலாம் அக்கா. ஆனால் மாத்திற காசுக்கு இன்னும் அஞ்சு டிக்கெட் எடுக்கலாம். பேசாமல் விடுங்கோ, இன்னும் ரெண்டு கிழமைதானே கிடக்கு."

"ஓம், அதுவும் சரிதான்" என்று வைத்துவிட்டார். கடையில் ஆட்கள் இருந்தார்கள், நானும் உடனே அடுத்தவரைக் கவனிக்கத் தொடங்கிவிட்டேன். முன்னுக்கு மாற்ற முடியுமா என்று கேட்பவர்கள் எத்தனையோ பேர். முதலாளி லீவு தரவில்லை, வைத்தியரைப் பார்க்கும் டெர்மின் நாள் வந்துவிட்டது, மகளுக்குப் பரீட்சை. காரணத்தை அவர்களாகவே கொட்டுவார்கள், நாங்கள் கேட்கத் தேவையில்லை. றெஜினா அக்கா ஒரு காரணமும் சொல்லவில்லை. அதுவே ஒரு காரணம் என்று எனக்கு உறைக்கவில்லை.

ஒக்டோபர் கடைசிக் கிழமையில் ஒரு காலை மறுபடியும் எடுத்தார். குரல் வழமை போலத்தான் இருந்தது. "தம்பி, நான் போற அதே விமானத்திலை இன்னும் மூண்டு இடம் இருக்குமோ? இவருக்கும் பிள்ளையளுக்கும்."

பார்த்தேன். கிடந்தது, நாற்பதுக்குள். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். "பாத்தியளோ அக்கா! அண்டைக்கு அவசரப்பட்டு எடுத்திருந்தால் ஒராள்தான் போயிருப்பியள். இப்ப அந்தக் காசுக்குக் குடும்பமாப் போறியள்" என்றேன்.

"ஓம் தம்பி" என்றார்.

"பை எத்தினை போடட்டும்?"

"பை வேண்டாம். ஒண்டும் வேண்டாம். எனக்குப் போட்டது கிடக்கட்டும்."

கணவர் பின்னேரம் கடவுச்சீட்டுகளைக் கொண்டுவந்தார். கதைக்காத மனுசன். கையெழுத்து வைத்தார், காசைத் தந்தார், போனார். தாடி வளர்ந்திருந்ததைக் கண்டேன். கண்டேன் என்பது இப்போது ஞாபகம் இருக்கிறதே தவிர, அப்போது அதை நான் ஒன்றோடும் சேர்த்துப் பார்க்கவில்லை.

கடை பூட்டுவதற்கு முன்னர் அன்றைய பதிவுகளை செல்வராசா அண்ணை சரிபார்ப்பார். எழுபது வயதிலும் அதை விடவில்லை. தாள்களை அடுக்கி, அடிமட்டத்தை வரிக்குக் கீழே வைத்து, உதடு அசைய வாசிப்பார். நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றேன். வாசிப்பு நின்றுவிட்டது.

"இது றெஜினா வீட்டுப் பதிவோ?"

"ஓம் அண்ணை. குடும்பமாப் போகினம். நல்ல விலை விழுந்திருக்கு."

"புதன்கிழமை" என்றார். அடிமட்டத்தை ஒரு வரி கீழே இறக்கினார். "பெட்டைக்குப் பள்ளிக்கூடம். பெடியனுக்கு வேலை." இன்னொரு வரி இறக்கினார். "பை இல்லையோ?"

"வேண்டாமெண்டவ."

"மூண்டு பேருக்கும் வேண்டாமெண்டவவோ?"

"ஓம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. "செத்தவீடு தம்பி" என்றார்.

அது சரியாக இருக்கும் என்பது அவர் சொன்ன அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. லண்டனில் ஒருவர் இறந்தால் அடக்கத்துக்கு எட்டுப் பத்து நாள் எடுக்கும். அந்தக் கணக்கு எனக்கு அத்துப்படி. செத்தவீட்டு டிக்கெட் எடுக்க வருபவர்களுக்கு அந்த இடைவெளிக்குள் நல்ல நாள் பார்த்துக் கொடுப்பதில் நான் விண்ணன். இந்தமுறை, சாகிறதுக்கு முதலே அந்த டிக்கெட்டைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நான் தேடித் தேடி எடுத்த மலிவுப் புதன்கிழமை, தமக்கையின் அடக்கத்துக்கு முதல் நாளாக வந்து விழுந்திருக்கிறது. காலையில் அவர் தொலைபேசியில் இருந்தபோது தமக்கை இறந்து சில மணித்தியாலம்தான் ஆகியிருக்கிறது என்று பிறகு அறிந்தேன். நான் அவரிடம் "பாத்தியளோ அக்கா" என்று கேட்டேன். அந்தக் குரல் இப்போதும் என் காதில் கிடக்கிறது, அவருடையது இல்லை, என்னுடையது.

எனக்குக் கோபம் வந்தது. என்மேல் வந்ததை அவர்மேல் காட்டினேன். "நீங்கள்தானே அண்ணை ஏன் எண்டு கேக்கப்படாது எண்டு சொன்னனீங்கள்" என்றேன்.

"ஓம். நான்தான் சொன்னனான்" என்றார்.

தாள்களை ஒழுங்காக அடுக்கினார், கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். கடைக்குள் அவர் அதைத் தளர்த்தி நான் கண்டது அன்றைக்குத்தான். திறப்பை என் கையில் தந்துவிட்டுப் போனார். அந்தச் சட்டத்தை அவர் பிறகு ஒருபோதும் வாயால் சொல்லவில்லை. அடுத்த வருடம் கடையை என் பொறுப்பில் விட்டுவிட்டு ஒதுங்கினார். அதற்கடுத்த குளிர்காலம் இறந்தும் போனார். எனக்கு அவர்மேல் மனக்குறை கிடையாது. ஊர் வாய்க்குப் பயந்து அவர் போட்ட சட்டம், எத்தனையோ குடும்பத்தைக் காப்பாற்றியும் இருக்கும்.

கடையை நான் இன்னும் எட்டு வருடம் நடத்தினேன். போனில் ஆளாளுக்குத் தாங்களே போடத் தொடங்கிய பிறகு நாற்காலிகள் வெறுமையாகின. அவசரம் போலத் தோன்றினால் ஏன் போகிறீர்கள் என்று கேட்கத் தொடங்கியிருந்தேன். விடுப்புக் கேட்கிறான், ஊர்க்கதை கிண்டுகிறான் என்று பெயர் வந்தது. அதில் கொஞ்சம் வாடிக்கையும் போனது. போகட்டும் என்று விட்டேன். கடைசியில் சுவரிலிருந்த விடுமுறை அட்டவணைகளைக் கிழித்துவிட்டுத் திறப்பைக் கட்டடக்காரரிடம் கொடுத்தேன். இதோடு கட்டுரையை முடிக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த நவம்பர் கடைசியில், றெஜினா அக்காவின் தமக்கைக்கு நடந்த முப்பத்தோராம் நாள் செபத்துக்குப் போனதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது பாதிப் பொய்யாகிவிடும்.

கெல்சென்கிர்ச்சனில் றெஜினா அக்கா வீட்டில்தான் செபம். செல்வராசா அண்ணையைக் கூப்பிட்டேன், தனக்கு முகம் இல்லை என்று வரவில்லை. இரண்டாம் மாடி, படியெல்லாம் சப்பாத்து. கூடத்தில் தமக்கையின் படம், மாலை, மெழுகுதிரி. சனம் தரையில் நெருக்கி இருந்தது. இராசநாயகமும் இருந்தார், குனிந்த தலை நிமிரவில்லை. நான் உள்ளே இருக்கப் பிடிக்காமல் குசினிக்குள் போனேன். றெஜினா அக்கா தனியாக நின்று தேநீர்க் கோப்பைகளைத் தட்டத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்கோ தம்பி. வந்தது சந்தோசம்" என்றார். அந்த உபசாரம் எனக்கு அடி மாதிரி இருந்தது.

"அக்கா, எனக்குத் தெரியாது" என்றேன். "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அண்டைக்கே போட்டுத் தந்திருப்பனே."

அவர் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார். தமக்கைக்குப் புற்றுநோய். வைகாசியில் கண்டுபிடித்தார்கள். நத்தார் வரைக்கும் இருப்பார் என்றுதான் வைத்தியர் சொல்லியிருந்தார். தமக்கையின் மகளுக்குக் கல்யாணம் பேசி முற்றாகிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை டோர்ட்மண்ட் பெடியன். தாய்க்கு இந்த வருத்தம் என்று தெரிந்தால் பரம்பரை வருத்தம் என்று பிள்ளையை ஒதுக்கிவிடுவார்கள், ஒருவருக்கும் மூச்சு விடாதே என்று தமக்கை சத்தியம் வாங்கியிருந்தார். அதனால் கணவரிடம் சொல்லவில்லை, பிள்ளைகளிடம் சொல்லவில்லை. மகனிடம் போனில் டிக்கெட் எடுத்துத் தரச் சொன்னால் ஏன் அவசரம் என்று கேட்பான். ஒன்றும் கேட்காத கடை எங்களுடையது, ஆகவே எங்களிடம் வந்திருக்கிறார்.

"பக்கத்திலை இருந்த இராசநாயகத்தார்தான் மாப்பிள்ளையின்ரை தாய்மாமன்" என்றார். "சும்மா பாக்கப் போறவள் அவ்வளவு காசைக் குடுத்தால் அவர் என்ன நினைப்பார்?"

அந்தத் திரையை அவர்கள் இருவருக்கும் நடுவில் திருப்பி வைத்தது நான்.

"இதைக் கேளுங்கோ" என்றார் அக்கா. அவர் முகத்தில் சிரிப்புப் போல ஒன்று வந்தது, பார்க்க முடியவில்லை. "செத்தவீட்டிலை மாப்பிள்ளையின்ரை தாய் என்னைக் கட்டிப்பிடிச்சுச் சொல்லுறா, தங்களுக்கு ஆவணியிலேயே தெரியுமாம். பெட்டையைத் தங்களுக்குப் பிடிச்சிட்டுதாம், வருத்தத்தை ஒரு பொருட்டா எடுக்கேல்லையாம். நாங்கள் சங்கடப்படுவம் எண்டு கேக்காமல் விட்டவையாம். கலியாணம் தையிலை. நிக்காது, நடக்கும்."

"இராசநாயகத்தாருக்கும் தெரியுமோ?"

"தெரியும். அவரும் தெரியாத மாதிரித்தான் கதைச்சவர். என்ரை மனம் நோகக்கூடாது எண்டு."

கூடத்தில் செபம் தொடங்கியது. சனம் ஒரே குரலில் சொல்வது குசினிக்குக் கேட்டது. நான் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது, அதை மறைக்க முயலவில்லை.

"என்னை மன்னியுங்கோ அக்கா. நான் ஏன் எண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்க வேணும்."

"கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பன்" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. அந்தப் பதிலைத்தான் முப்பது நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன் போல. கேட்டிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது, என்மேல் பிழை இல்லை. தட்டத்தைத் தூக்க நான் கை நீட்டினேன். அவர் அதைத் தரவில்லை. இரண்டு கையாலும் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார்.

"அண்டைக்கு அவருக்கு முன்னாலை பொய்தான் சொல்லியிருப்பன் தம்பி. பிறகு போனிலை, டிக்கெட்டை மாத்த ஏலுமோ எண்டு கேட்டனே, அப்ப என்னோடை ஒருத்தரும் இல்லை. குளிக்கிற அறைக்குள்ளை கதவைப் பூட்டிப்போட்டு நிண்டுதான் கதைச்சனான். ஏனக்கா எண்டு அப்ப ஒருக்காக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

தட்டத்தைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் போனார். எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார். எனக்கும் கொண்டுவந்து தந்தார், நான் வாங்கிக் குடித்தேன்.